சுனாமிக்குத் தப்பின குடும்பப் படங்கள்: அம்மாட 75க்கு ஒரு புத்தகம் செய்யணும், எங்க தொடங்குறது?

வாவிக்கரை மகள் (கல்லடி):

வணக்கம் எல்லாருக்கும். அம்மாக்கு வாற வைகாசியில 75 முடியுது. கனடாவுல இருக்கிற அண்ணனும் லண்டன் தங்கச்சியும் பழைய படம் எல்லாத்தையும் சேர்த்து ஒரு புத்தகமா அடிச்சுக் குடுப்பம் எண்டு நிக்கிறாங்க, படமெல்லாம் இஞ்ச என்ட அலுமாரிக்குள்ள கிடக்கிறதால வேலையும் எனக்குத்தான். செய்ய எனக்கு நல்ல விருப்பம், ஆனா தொடவே பயமா இருக்கு, ஏனெண்டா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிலையில கிடக்கு.

அம்மம்மா அம்மப்பாட கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் நல்லா இருக்கு. அது வாவிக்கு அங்கால மேற்குப் பக்கம், படுவான்கரையில பெரியம்மா வீட்டு றங்குப்பெட்டிக்குள்ள கிடந்தது, 78 சூறாவளிக்கும் தப்பி 2004 சுனாமிக்கும் தப்பிட்டு. ஒண்டுல ஸ்டூடியோவுல கீறின திரைக்கு முன்னால அம்மப்பா கதிரையில இருக்கார், அம்மம்மா பக்கத்துல நிக்கிறா, அம்மா சின்னப் புள்ள, காலில சப்பாத்து. அந்தச் சப்பாத்து ஸ்டூடியோக்காரர்ட, படம் எடுத்த உடனே கழட்டி வாங்கிட்டாராம், அம்மா இப்பவும் சொல்லுவா.

அடுத்தது அம்மாட கலியாண அல்பமும் என்ட சாமத்தியவீட்டு அல்பமும். மேல பிளாஸ்டிக் தாள், கீழ பசை பூசின மட்டை, அந்தக் காலத்துல எல்லார் வீட்டுலயும் இருந்த ஒட்டுற அல்பம். மட்டை மஞ்சளாப் போய் பசைக் கோடெல்லாம் தெரியுது, படங்கள் செங்கல் நிறத்துக்கு வந்துட்டு, இழுத்தா வருதில்ல.

மூண்டாவதுதான் பெரிய கவலை. சுனாமிக்குப் பிறகு வளவு மண்ணுக்குள்ள இருந்து அப்பா பொறுக்கி எடுத்த படங்கள். கொஞ்சம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியாக் கிடக்கு. அப்பாட இளந்தாரிப் படம் பிரேமுக்குள்ள கண்ணாடியோடயே ஒட்டிப் போய்ட்டு. அப்பா இப்ப இல்ல, அந்த வயசுல அவர்ட வேற படமும் இல்ல.

இதுக்குள்ள மச்சாள்ட மகன் அம்மம்மாட படத்த ஏஐயில போட்டு கலர் ஆக்கித் தந்தான். பாக்க வடிவுதான், ஆனா மூக்குத்தியக் காணல்ல, முகத்துல ஒரு சுருக்கமும் இல்ல. அம்மா கண்ணாடியப் போட்டு வடிவாப் பாத்துட்டு "இது ஆரு புள்ள?" எண்டு கேட்டா.

அல்பத்துல இருந்து எப்பிடி எடுக்கிறது, கட்டியான படத்த என்ன செய்யிற, ஸ்கேன்னர் வாங்கணுமா போன் காணுமா, பேர் தெரியாத ஆக்கள என்ன செய்யிறது? புத்தகமும் கலியாண ஸ்டூடியோவுல அடிக்கிற மாதிரி பூவும் இதயமும் போட்டதா இல்லாம வேற விதமா இருந்தா நல்லம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

படச்சுருள் (களுவாஞ்சிகுடி):

தங்கச்சி, பிலிம் காலத்துல இருந்து ஸ்டூடியோ வேலை செய்யிறன், அதால கொஞ்சம் நீளமா எழுதுறன். இப்போதைக்கு ஒண்டையும் இழுக்காதீங்க, கழுவாதீங்க, லமினேட் பண்ணவே பண்ணாதீங்க. எங்கட பக்கம் முக்கியமான படமெண்டா உடனே லமினேட் அடிக்கிற பழக்கம் ஒண்டு இருக்கு, சூட்டுல பசை உருகிப் படத்தோட சேர்ந்துட்டா மறுகா பிரிக்கவே ஏலாது. எது எந்த நிலையில கிடக்கோ அந்த நிலையிலயே முதல்ல கொப்பி எடுங்க. பிரிக்கிறது, துப்பரவாக்கிறது எல்லாம் அதுக்குப் பிறகு. பிரிக்கக்குள்ள கிழிஞ்சாலும் கொப்பி கையில இருக்கும்.

ஒட்டுற அல்பத்துக்கு பிளாஸ்டிக் தாள மெதுவாத் தூக்கிப் போட்டுட்டு பக்கத்தோட சேர்த்து ஸ்கேன் பண்ணுங்க. ஆர் பக்கத்துல ஆர்ட படத்த அம்மா ஒட்டினா எண்டதும் ஒரு தகவல்தானே, தனித்தனியா எடுத்தா அது போய்டும். மறுகா எடுக்கப் பாக்கலாம். பல்லிடுக்குக்கு விடுற நூல் பாமசியில இருக்கு, வாசனை போடாதது வாங்குங்க. ஒரு மூலையால படத்துக்குப் பின்னால விட்டு ரெண்டு கையாலயும் இஞ்சால அங்கால அறுத்து அறுத்து கொண்டு போகணும், படத்த வளைக்கப் படாது, நூல்தான் போகணும். இறுக்கமா இருந்தா மட்டைட பின் பக்கத்தால ஹெயார் டிரையரக் குறைஞ்ச சூட்டுல கொஞ்ச நேரம் பிடிங்க. அதுக்கும் வரல்ல எண்டா விடுங்க, படத்தச் சுத்தி மட்டைய வெட்டி மட்டையோடயே வச்சிருங்க. அந்தப் பிளாஸ்டிக் தாளும் பசையும்தான் படத்தத் தின்னுறது, ரெண்டுல ஒண்டையாவது குறைச்சாலே பெரிய காரியம்.

செங்கல் நிறம் ஏனெண்டா கலர்ப் படத்துல மூண்டு சாயம் இருக்கு, எழுவது எண்பதுகள்ல அடிச்ச படங்கள்ல நீலப்பச்சைச் சாயம்தான் கெதியாப் போறது, அது போனா மிஞ்சுறது சிவப்பும் மஞ்சளும். அலுமாரிக்குள்ள இருட்டுல வச்சாலும் போகும், சூடும் ஈரமும் காணும் அதுக்கு. கறுப்பு வெள்ளை அப்பிடியில்ல, அது வெள்ளித் துகள், அதனாலதான் அம்மம்மா இன்னும் தெளிவா இருக்கிறா. சரிச்சுப் பிடிச்சுப் பாருங்க, கறுப்பு இடங்கள்ல ஒரு நீல மினுக்கம் தெரிஞ்சா அது வெள்ளி மேல வந்திருக்கு எண்டு அர்த்தம், துடைக்காதீங்க. கலர் போன படத்த ஸ்கேன் பண்ணின பிறகு கொம்பியூட்டர்ல ஓரளவு திருப்பிக் கொண்டு வரலாம், அதுக்கு ஏஐ தேவையில்ல.

கட்டியாக் கிடக்கிறத மேல் படம் கீழ் படம் ரெண்டையும் எடுத்துட்டு கடதாசி உறையில போட்டு வையுங்க. மண் இருந்தா காய்ஞ்ச மென்மையான பிறஸ்ஸால வெளிப்பக்கமாத் தட்டுங்க, துணியால துடைச்சா கடல் மண் கீறிப் போடும்.

அப்பாட படத்தக் கண்ணாடியில இருந்து பிரிக்கவே நினைக்காதீங்க. பின் மட்டை தானாக் கழண்டு வந்தா மட்டும் எடுங்க. கண்ணாடியோடயே ஸ்கேன்னர்ல வச்சு எடுக்கலாம், போனால எண்டா யன்னல் வெளிச்சம் பக்கத்தால விழ வச்சு, போனுக்குப் பின்னால நீங்க ஒரு கறுப்புத் துணியப் பிடிச்சுக் கொண்டு எடுங்க, கண்ணாடியில உங்கட நிழலும் கூரையும் தெரியாது. அந்தக் கொப்பியப் பெருசாக்கிச் சுவரில மாட்டுங்க, ஒரிஜினலக் கண்ணாடி கீழ இருக்கிற மாதிரிக் கிடத்தி வையுங்க.

போனா ஸ்கேன்னரா எண்டு கேட்டீங்க. நல்லா இருக்கிற சாதாரணப் படத்துக்கு போன் காணும், கூகிள்ட போட்டோஸ்கேன் எண்ட அப் நாலு மூலைப் புள்ளிக்கும் போன நகத்தச் சொல்லி எடுத்து மினுக்கத்த எடுத்துடும். புத்தகத்துக்குப் போற முக்கியமான படங்களுக்கு மட்டும் பிளாட் ஸ்கேன்னர் தேடுங்க, வாங்கத் தேவையில்ல, கொமியூனிகேஷன் கடையிலயே இருக்கு, ஆனா பக்கத்துல நிண்டு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) எண்டு சொல்லி எடுப்பியுங்க. 3க்கு 4 அங்குலப் படத்த 600ல எடுத்தா 6க்கு 8 ஆ அடிக்கலாம். முத்திரை அளவுப் படமெண்டா 1200. தரம் குறையாம வைக்கிற டிஃப் பைலா ஒண்டு வச்சிக் கொண்டு அனுப்பிறதுக்கு ஜேபெக் எடுங்க.

குருக்கள்மடம் தம்பி:

அக்கா, நான் படங்கள டிஜிட்டலா திருத்திற வேலைதான் செய்யிறன், ஏஐயும் பாவிக்கிறன், அதால சொல்லுறன், உங்கட அம்மா சொன்னதுதான் சரி. மங்கின முகத்துக்குள்ள இருந்து அது ஒண்டையும் வெளிய எடுக்கிறதில்ல, தான் படிச்ச லட்சக்கணக்கான முகங்கள வச்சு ஒரு முகத்தப் புதுசாக் கீறி அந்த இடத்துல வைக்குது. அதுக்கு மூக்குத்தி ஒரு புள்ளி, அழுக்கெண்டு எடுத்துடும். அம்மம்மாட முகம் உங்களுக்குத்தான் தெரியும், அதுக்குத் தெரியாது.

நான் என்ன செய்யிறனெண்டா பின்திரையில இருக்கிற வெடிப்பு, ஓரத்துக் கிழிசல், சாரிட கரைய ஊடறுத்த கோடு, இதுக்கெல்லாம் பாவிப்பன், கண் மூக்கு வாய் கைவிரல் பக்கமே விடமாட்டன். திருத்தினத வேற பேர்ல சேமிப்பன். புத்தகத்துல போட்டா கீழ "நிறம் பிறகு சேர்த்தது" எண்டு சின்னனா எழுதணும், இல்லாட்டி உங்கட பேரப்புள்ளைகள் அதத்தான் உண்மை எண்டு நினைப்பாங்க.

கலர் வேணுமெண்டா அம்மாவையே பக்கத்துல இருத்தி செய்யுங்க. கிம்ப் எண்டு இலவச மென்பொருள் ஒண்டு இருக்கு, படத்துக்கு மேல லேயர் போட்டு மெல்லிசா நிறம் பூசலாம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரரும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு கையால கன்னத்துக்கும் சாரிக்கும் நிறம் பூசினவங்கதானே. அம்மம்மாட சாரி என்ன நிறம், திரையில இருந்த மரம் பச்சையா நீலமா, எல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நீங்க பூசுங்க. நான் ஒரு வயசான மாமிட வீட்டுல இப்பிடிச் செய்தன், நிறம் கேக்கப் போய் அவ அந்தச் சாரி ஆர் வாங்கிக் குடுத்தது, பிறகு அது ஆருக்குப் போனது, கடைசியா எந்தப் புள்ளைக்கு ஏணை கட்டினது எண்டு முழுக் கதையும் சொல்லிட்டா.

கைத்தறி (மருதமுனை):

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தங்கச்சிட பதிவப் பாத்ததும் எழுதாம இரிக்க ஏலல்ல. எங்கட வீடு கடற்கரைப் பக்கம், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒரு படமும் மிஞ்சல்ல, உம்மாட படமும்தான். கட்டியாக் கிடக்கிற படம் இரிக்கி எண்டு நீங்க சொல்லக்குள்ள அதே எனக்குப் பெரிய சொத்தாத் தெரியிது.

ஒண்டுமில்லாம இரிந்து நாங்க எப்பிடிச் சேர்த்தம் எண்டு சொல்லுறன், உங்களுக்கும் உதவும், ஏனெண்டா உங்கட அலுமாரியில இரிக்கிறது மட்டும் உங்கட குடும்பப் படமில்ல. வாப்பா சவூதியில வேலை செய்யக்குள்ள உம்மா கடிதத்தோட வச்சு அனுப்பின படமெல்லாம் அவர்ட சூட்கேசுக்குள்ளயே இரிந்திச்சு, அதுதான் எங்கட முதல் படங்கள். மறுகா சொந்தக்காரங்கட கலியாண அல்பங்களப் பாத்தம். மாப்பிள்ள பொண்ணப் பாக்காதீங்க, பின்னுக்கு நிக்கிற ஆக்களப் பாருங்க, சோறு பரிமாறிக்கிட்டு, புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு, கதவுப் பக்கத்துல நிண்டு எட்டிப் பாத்துக்கிட்டு. அங்கதான் உம்மா நிண்டா, கையில ஒரு சகனோட (சேர்ந்து சாப்பிடுற பெரிய தட்டு), ஆரையோ திரும்பிப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு. ஸ்டூடியோவுல இரிந்து எடுத்த எந்தப் படத்துலயும் அவ அப்பிடிச் சிரிச்சிரிக்க மாட்டா. பள்ளிக்கூடக் குறூப் படம், விளையாட்டுப் போட்டிப் படம், பழைய பாஸ்போட், அடையாள அட்டைக்கு எடுத்த படத்துல மிஞ்சினது, எல்லா இடமும் கேளுங்க. அப்பாட இளந்தாரிப் படமும் அவர்ட கூட்டாளிமார்ட அல்பத்துல இரிக்கக் கூடும், ஒருக்கா தேடிப் பாருங்க.

புத்தகத்துக்கு ரெண்டு யோசனை சொல்லுறன். சுனாமியில போன எங்கட பழைய வீட்ட நான் ஞாபகத்துல இரிந்து ஒரு படமாக் கீறினன், ராத்தாவும் சாச்சாவும் திருத்தித் தந்தாங்க, கிணறு எங்க, தறி எங்க, முருங்கை மரம் எங்க எண்டு. மறுகா கிடைச்ச படங்கள அது எடுத்த இடத்துல சின்னனா ஒட்டினம். அந்த வீடு இப்ப இல்ல, ஆனா புள்ளைகள் அதப் பாத்து "இது மூத்தம்மா இரிந்த திண்ணை" எண்டு சொல்லுறாங்க. மத்தது அட்டை. கடையில அடிக்கிற மினுங்கிற அட்டை வேணாம், எங்கட ஊர் கைத்தறித் துணியில அட்டை கட்டலாம், சாரித் துணியிலயே மிஞ்சின துண்டு கிடைக்கும், புத்தகம் கட்டுற ஆளுக்குக் குடுத்தா பசை போட்டு இழுத்துக் கட்டித் தருவார். அம்மாட பழைய சாரி கிழிஞ்சது ஒண்டு இரிந்தா அதையே போடுங்க.

தம்பிலுவில் டீச்சர்:

மகள், பேர் விசயத்துக்கு நான் சொல்லுறன், ஏனெண்டா மத்த எல்லா வேலையும் அடுத்த வருசமும் செய்யலாம், இது அப்பிடியில்ல. அம்மாக்கு 75, பெரியம்மாக்கு அதுக்கும் மேல. இந்த ரெண்டு பேரும் இருக்கக்குள்ளயே இத முடியுங்க, ஸ்கேன் பிந்தினாலும் பரவால்ல.

குறூப் படத்தப் பெருசாக் கொப்பி அடிச்சு அதுக்கு மேல ட்றேசிங் பேப்பர் வச்சு ஒவ்வொரு தலையையும் சுத்திக் கோடு கீறி நம்பர் போடுங்க, பக்கத்துல நம்பருக்குப் பேர். "இடமிருந்து வலம்" எண்டு எழுதினா ரெண்டாம் வரிசையிலயே குழம்பிடும். பேரோட எந்த ஊர், அம்மாக்கு என்ன முறை எண்டும் எழுதுங்க, வெறும் "மாமி" எண்டு எழுதினா இன்னும் முப்பது வருசத்துல ஆர்ட மாமி எண்டு ஆருக்கும் தெரியாது. ஒரிஜினல்ட பின்பக்கம் பேனையால எழுதாதீங்க, அழுத்தம் முன்னால தெரியும், மையும் ஊறும். பழைய கடதாசிப் படமெண்டா 4பி பென்சிலால ஓரத்துல மெதுவா எழுதலாம். பிளாஸ்டிக் பூசின கலர்ப் படத்துல பென்சில் பிடிக்காது, அதுக்கு உறையில எழுதிட்டு உள்ள வையுங்க. பின்பக்கம் ஏற்கனவே எழுத்தோ ஸ்டூடியோ சீலோ இருந்தா அதையும் ஒரு படம் எடுத்து வையுங்க, அம்மம்மாட கையெழுத்து அங்க மட்டும்தான் இருக்கும்.

கேக்கக்குள்ள போன்ல குரலப் பதிவு பண்ணுங்க. "இது ஆர்?" எண்டு கேட்டா பேர் சொல்லிட்டு நிப்பாட்டிடுவாங்க. "இந்தப் படம் எடுத்த அண்டைக்கு என்ன சமைச்ச?", "இந்தச் சங்கிலி இப்ப ஆர்ட்ட?" எண்டு கேளுங்க, அப்ப கதை வரும். நான் என்ட அம்மாட்ட கேக்கக்குள்ள படத்த அவட கையில குடுத்துட்டு நான் கீழ இருந்து கொள்ளுவன், அவ படத்தோட கதைப்பா, என்னோட இல்ல.

புத்தகம் வேற விதமா இருக்கணும் எண்டு கேட்டீங்க. வருச வரிசையில போட்டா எல்லார் புத்தகமும் மாதிரித்தான் வரும். எங்கட பக்கத்துல குடி தாய்வழியில வாறதுதானே, வீடும் வளவும் பொம்புளப் புள்ளைக்குத்தான் போறது. வயிற்றுவார் வழியிலயே அடுக்குங்க: அம்மம்மாட அம்மாட படம் ஒண்டு கிடைச்சா அதுல தொடங்கி அம்மம்மா, பெரியம்மா, அம்மா, நீங்க, உங்கட மகள். ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் அவங்க இருந்த வீடு, கட்டி வந்த ஆம்புள, பெத்த புள்ளைகள். வைகாசியில கண்ணகை அம்மன் சடங்குக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருப்பாங்க, குளிர்த்திக்குப் போகக்குள்ள எடுத்த படங்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒண்டு கட்டாயம் இருக்கும், அதுகள எதிர் எதிர்ப் பக்கத்துல வைக்கலாம்.

இன்னொண்டு சொல்லணும். எங்கட வீட்டுப் படம் ஒண்டுல நடுவுல ஒரு ஆள கத்தரிக்கோலால வெட்டி எடுத்திருக்கு. 90ஆம் ஆண்டு சண்டையில இடம்பெயர முதல் அம்மாதான் வெட்டினது, அந்தக் காலத்துல இளந்தாரிப் பொடியன்ட படம் வீட்டுல இருக்கிறதே பயம். மருமகன் அந்த இடத்த கொம்பியூட்டர்ல நிரப்பித் தாறன் எண்டான், நான் வேணாமெண்டுட்டன். அந்த ஓட்டையோடதான் அது எங்கட குடும்பப் படம், தோளில கிடக்கிற அவன்ட கை இன்னும் இருக்கு. உங்கட அல்பத்துலயும் அப்பிடி ஏதும் இருந்தா புத்தகத்துல போட முதல், பேஸ்புக்ல போட முதல், அந்தப் புள்ளைட வீட்டுக்காரர்ட்ட கேளுங்க. காணாமப் போன ஆக்கள்ட படம் சும்மா ஒரு பழைய படமில்ல. செத்தவீட்டுப் படங்களும் அப்பிடித்தான், ஸ்கேன் எடுங்க, எறியாதீங்க, ஆனா புத்தகத்துல வாறதா வேணாமா எண்டு அம்மாதான் சொல்லணும்.

மட்டுநகரான் (சூரிச்):

படச்சுருள் அண்ணன் கழுவ வேணாமெண்டு சொல்லுறார், ஆனா 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு ஜப்பான்ல தொண்டர்கள் சேத்துக்குள்ள இருந்து படங்களப் பொறுக்கி தண்ணியில கழுவி, நூல் கட்டித் தொங்க விட்டுக் காய வச்சு, ஆக்கள் வந்து தங்கட படத்தத் தேடி எடுக்க வச்சாங்களே, புஜிபில்ம் கம்பனியே எப்பிடிக் கழுவுறதெண்டு சொல்லிக் குடுத்தது. அப்ப அந்தக் கட்டியையும் தண்ணியில ஊற வச்சுப் பிரிக்க ஏலாதா?

மத்தது சேமிக்கிறதுக்கு. மூண்டு கொப்பி வையுங்க, ஒண்டு கொம்பியூட்டர்ல, ஒண்டு வெளி ஹார்ட் டிஸ்க்ல, ஒண்டு வேற நாட்டுல. உங்களுக்கு கனடாவும் லண்டனும் இருக்கு, அவங்களே ஆளுக்கொரு முழுக் கொப்பிய வச்சிருக்கட்டும், திரும்ப வெள்ளம் வந்தாலும் மிஞ்சும். கூகிள் போட்டோஸ் 2021 ஜூனில இருந்து இலவசமா அளவில்லாம வைக்க விடுறதில்ல, 15 ஜிபிதான், டிஃப் பைலெண்டா கெதியா முடிஞ்சிடும். வட்ஸ்அப்ல அனுப்புறதெண்டா படமா அனுப்பாதீங்க, டொக்கியுமெண்டா அனுப்புங்க, இல்லாட்டி சுருக்கிப் போடும். பைலுக்குப் பேரும் வையுங்க, வருசம் முதல்ல, மறுகா ஊர், மறுகா ஆக்கள்ட பேர். பழைய மட்டக்களப்பு தெரியிற படங்கள், கடை, கோயில் தேர், பள்ளிக்கூடம் இருந்தா, இலங்கைத் தமிழ் ஆவணங்கள இணையத்துல சேர்த்து வைக்கிற நூலக நிறுவனத்துட்டயும் கதையுங்க, அவங்கட ஆவணகத்துல பழைய படங்களும் சேர்த்து வச்சிருக்காங்க.

படச்சுருள் (களுவாஞ்சிகுடி):

மட்டுநகரான், நீங்க சொல்லுறது உண்மை, ஆனா அங்க ஈரம் காய முதல், இல்லாட்டி கொஞ்ச நாளுக்குள்ள எடுத்துக் கழுவினது. படத்துட மேல் தோல் ஜெலற்றின், தண்ணியில ஊதும். புதுசா நனைஞ்சதெண்டா குளிர் தண்ணியில உப்பையும் சேத்தையும் போக்கி, முகம் மேல பாக்கிற மாதிரி நிழல்ல தனித்தனியாக் காய வைக்கலாம். இது இருவது வருசமாக் காய்ஞ்சு கிடக்கு, பூஞ்சணம் அந்த ஜெலற்றினத் திண்டிருந்தா தண்ணியில வச்ச உடனே படம் கரைஞ்சு நிறமாப் போய்டும், வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். பிரிண்டர்ல அடிச்ச படம் எண்டா புதுசா இருந்தாலும் தண்ணி படவே கூடாது. அதாலதான் வேணாம் எண்டன். படப் பாதுகாப்புப் படிச்ச ஆள் ஒருத்தர் கிடைக்கும் வரைக்கும் அந்தக் கட்டி அப்பிடியே இருக்கட்டும், அது இன்னும் கெட்டுப் போகாது, ஈரம் படாட்டி.

2011 தை மாச வெள்ளத்துல கன பேர் நனைஞ்ச அல்பத்த வெயில்ல விரிச்சு வச்சாங்க, சுருண்டு வெடிச்சுப் போச்சு. நனைஞ்சா வெயில்ல போடாதீங்க, ரெண்டு நாளுக்குள்ள பிரிச்சுக் காய வைக்க ஏலாட்டி ஒவ்வொண்டுக்கும் இடையில மெழுகுத்தாள் வச்சு பையில போட்டு பிரிட்ஜ்ட ஐஸ் பெட்டிக்குள்ள வையுங்க, பூஞ்சணம் பிடிக்காது, பிறகு ஆறுதலா எடுத்துச் செய்யலாம். மாரியில அலுமாரிய வெளிச் சுவரோட ஒட்டி வைக்க வேணாம், கீழ்த் தட்டுலயும் வேணாம், சிலிக்கா ஜெல் பை ரெண்டு மூண்டு போடுங்க.

வாவிக்கரை மகள் (கல்லடி):

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்டையும் அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். டீச்சர் சொன்ன மாதிரி படத்த கையில குடுத்துட்டு ரெக்கோட் போட்டன். கதிரையில இருக்கிற அம்மப்பாட கையில ஒரு கடதாசிச் சுருள் இருக்கு, இவ்வளவு நாளும் நான் ஏதோ ஸ்டூடியோ சாமான் எண்டு நினைச்சன், அது காணி உறுதியாம், அண்டைக்குத்தான் எழுதி வாங்கிட்டு நேர ஸ்டூடியோவுக்கு வந்தாங்களாம். அந்தக் காணியிலதான் நான் இப்ப இருக்கன். மருதமுனை நானா சொன்னதையும் செய்தன், அப்பாட கூட்டாளி ஒருத்தர்ட மகள்ட்ட கேட்டிருக்கன், அவங்கட வீட்டுல பழைய மேசன் வேலைக் குறூப் படம் ஒண்டு இருக்காம்.

இன்னும் ரெண்டு கேள்வி. அம்மாட இப்பத்தைய படம் கடைசிப் பக்கத்துக்கு ஒண்டு எடுக்கணும், ஸ்டூடியோவுக்கு வரமாட்டா, கமராவப் பாத்தா விறைச்சுப் போய் நிப்பா. மத்தது அப்பாவும் அம்மாவும் கலியாணம் முடிச்ச புதுசுல கல்லடிப் பாலத்துல நிண்டு எடுத்த படம் ஒண்டு இருக்கு, அதே இடத்துல இப்ப அம்மாவையும் பேரப்புள்ளைகளையும் வச்சு எடுக்கலாமா?

தம்பிலுவில் டீச்சர்:

பாலத்துல கட்டாயம் எடுங்க. 1924ல கட்டின பழைய பாலம் இன்னும் நிக்குதுதானே, 2013ல புதுசு திறந்த பிறகு பழையதுல நெருக்கடியும் குறைஞ்சிட்டு, அம்மாவ ஆறுதலா நிப்பாட்டலாம். பழைய படத்துல இருக்கிற இரும்புச் சட்டம் எத்தினையாவது எண்டு பாத்து அதே இடத்துல நில்லுங்க. ஆனா அப்பா நிண்ட இடத்த வெறுமையா விடுறதா, பேரன நிப்பாட்டுறதா எண்டு அம்மாட்ட முதலே கேளுங்க, அங்க கொண்டு போய் வச்சுக் கேக்காதீங்க.

படச்சுருள் (களுவாஞ்சிகுடி):

அம்மாவ விறாந்தையில வாசலுக்குப் பக்கமா இருத்துங்க, வெயில் நேர விழாத இடம், காலையில எட்டு மணிக்கு முதல், இல்லாட்டி பின்னேரம் நாலரைக்குப் பிறகு. பிளாஷ் வேணாம். முகத்துக்குக் கிட்ட போன நீட்டாதீங்க, மூக்குப் பெருசா வரும், நாலடி தள்ளி நிண்டு ரெண்டு மடங்கு சூம் வச்சு அவட கண் உயரத்துக்கு இருந்து எடுங்க. கையில வேலை குடுங்க, வெத்திலை மடிக்கிறது, முருங்கை இலை உருவுறது, இல்லாட்டி அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையே குடுத்து டீச்சர் சொன்ன கேள்விகளக் கேக்கச் சொல்லி வேற ஆர்ட்டயும் சொல்லுங்க, நீங்க பக்கத்தால எடுங்க. கையையும் தனிய ஒண்டு எடுங்க, காப்போட.

புத்தகத்துக்கு மினுங்கிற தாள் வேணாம், மெட் தாள்ல அடியுங்க, விரலடையாளம் பிடிக்காது, அம்மாக்கு லைட் வெளிச்சத்துல மினுங்காமத் தெரியும். எழுத்தையும் பெருசாப் போடுங்க. அப்பாட கண்ணாடிப் படத்த ஸ்கேன் பண்ண இஞ்ச கொண்டு வாறதெண்டா பஸ்ஸில நிமித்திப் பிடிக்காம மடியில கிடத்தி, ரெண்டு பக்கமும் மட்டை வச்சுத் துவாயால சுத்திக் கொண்டு வாங்க. பங்குனிக்குள்ள வாங்க, அச்சுக்காரருக்கு ஒரு மாசமாவது குடுக்கணும்.